புதிதாக வரும் ஃபேன்டஸி ஆர்.பி.ஜி. ஆட்டங்கள்: நாகர்கோவில் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டு அலமாரியில் இருக்கும் பெட்டிகளையும் பலபக்கப் பகடைகளையும் பார்த்தவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகளைத்தான். நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கமிருந்து ஆட வரும் பிள்ளைகள், அவர்களைக் கூட்டிப்போக வரும் அம்மா அப்பாக்கள், பழைய நண்பர்கள் எல்லாரும் கேட்டதை அவர்கள் கேட்டபடியே எழுதிப் பதில் போட்டிருக்கிறேன். முன்னால் சொன்னதை மறுபடி சொல்லவில்லை. மேலே பார்க்கச் சொன்னால் மேலே பார்த்துக்கொள்ளுங்கள்.

மக்கா, இது என்ன விளையாட்டு? போர்டு இல்ல, காய் இல்ல, யாரு ஜெயிச்சான்னும் தெரியல.

ஆர்.பி.ஜி. (ரோல்-பிளேயிங் கேம்) என்றால், கூடி உட்கார்ந்து கதை சொல்லி ஆடும் ஆட்டம். நாலைந்து பேர் இருந்தால் போதும். ஒருவர் கேம் மாஸ்டர். உலகம், ஊர்கள், பகைவர்கள் எல்லாம் அவர் பொறுப்பு. மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம்: வாள்வீரன், மந்திரக்காரி, திருடன். "கோட்டைக் கதவு பூட்டியிருக்கிறது, உள்ளே ஆள் நடமாடும் சத்தம் கேட்கிறது, என்ன செய்கிறீர்கள்?" என்று கேம் மாஸ்டர் கேட்பார். "சுவரேறிக் குதிக்கிறேன்" என்று நீங்கள் சொல்லலாம். அது நடக்குமா என்று சந்தேகம் வந்தால் பகடை முடிவு செய்யும். ஜெயிப்பது தோற்பது என்று தனியாக இல்லை. பாத்திரம் செத்துப்போனாலும் கதை நன்றாக இருந்தால் மேசையில் எல்லாருக்கும் சந்தோஷம்.

வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்தவர்களுக்குச் சீக்கிரம் பிடிபடும். புலவர் கதையை எடுத்துப் போக, பக்கத்தில் இருப்பவர் "ஆமா" போட்டுக் கேள்வி கேட்டு இழுப்பார் இல்லையா, அதே உட்காரும் முறைதான். இங்கே ஆமா போடுபவர்களுக்குக் கதையின் போக்கையே மாற்றும் உரிமை உண்டு.

டி அண்ட் டின்னு சொல்றாங்களே, அதுவும் இதுவும் ஒண்ணா?

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் இந்த வகையில் வணிகமாக வெளிவந்த முதல் ஆட்டம். 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் சேர்ந்து உருவாக்கியது. இன்றைக்கும் அதிகம் பேர் ஆடுவது அதைத்தான். அதை வெளியிடும் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட், ஹாஸ்ப்ரோ நிறுவனத்துக்குச் சொந்தமானது. ஆனால் அதைத் தவிர நூற்றுக்கணக்கில் ஆட்டங்கள் இருக்கின்றன. பாத்ஃபைண்டர் 2009-லிருந்து வருகிறது. ஸ்வீடனின் டிராகன்பேன் ஆட்டத்துக்கு மூலமான ஸ்வீடிஷ் ஆட்டம் 1982-லேயே பிறந்துவிட்டது.

பழசே நல்லாத்தானே இருக்கு. வருஷா வருஷம் புதுசு எதுக்குண்ணா?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. ஒரு புதுப் புத்தகம் கைக்கு வந்தால் நான் முதலில் படத்தைப் பார்ப்பதில்லை, மந்திரப் பட்டியலையும் பார்ப்பதில்லை. ஒரே ஒரு விதியைத் தேடுவேன்: மேசையில் உட்கார்ந்திருக்கும் மனிதர்களை வேறு மாதிரி நடந்துகொள்ள வைக்கும் விதி. நல்ல ஆட்டம் ஒவ்வொன்றிலும் அப்படி ஒன்று இருக்கும். அது இருந்தால் மிச்சம் 300 பக்கமும் அதற்காகவே எழுதப்பட்டது போலத் தெரியும். இல்லாவிட்டால் எவ்வளவு கெட்டி அட்டையாக இருந்தாலும் அது பழைய ஆட்டத்தின் இன்னொரு பதிப்பு, அவ்வளவுதான்.

கடந்த சில வருடங்களில் இப்படிப்பட்ட விதிகள் அடுத்தடுத்து வந்திருக்கின்றன. அதனால்தான் இத்தனை உற்சாகமாகப் பேசுகிறேன். 2023 ஜனவரியில் டி அண்ட் டி-யின் விதிகளை வைத்து மற்றவர்களும் எழுதி விற்க இடம் கொடுத்த பழைய திறந்த உரிமத்தை மாற்றப்போவதாகச் செய்தி கசிந்து பெரிய எதிர்ப்பு கிளம்பியது. நிறுவனம் பின்வாங்கியது, ஆனால் அதற்குள் பல பதிப்பாளர்கள் இனி சொந்த விதிகளோடு நிற்போம் என்று முடிவெடுத்துவிட்டார்கள். பாத்ஃபைண்டர் அந்த வருட நவம்பரிலேயே தன் விதிகளைத் திருத்தி, பிளேயர் கோர், ஜி.எம். கோர் என்று புதிதாக வெளியிட்டது. கோபோல்ட் பிரஸ் என்ற பதிப்பாளர் 2024-ல் டேல்ஸ் ஆஃப் தி வேலியன்ட் என்ற ஆட்டத்தைக் கொண்டுவந்தது.

டேகர்ஹார்ட்டுன்னு எல்லாரும் ஒரே பேச்சா இருக்கே, அதுல அப்படி என்ன?

2025 மே மாதம் டாரிங்டன் பிரஸ் வெளியிட்டது. இதில் 20 பக்கப் பகடை ஆட்டக்காரர்களுக்குக் கிடையாது. இரண்டு நிறத்தில் இரண்டு 12 பக்கப் பகடைகள். ஒன்றுக்கு ஹோப் (நம்பிக்கை) என்று பெயர், மற்றதற்கு ஃபியர் (பயம்). இரண்டையும் சேர்த்து உருட்டிக் கூட்டுத்தொகையைப் பார்த்தால் செயல் நடந்ததா இல்லையா என்று தெரியும். எந்தப் பகடை பெரியது என்று பார்த்தால் அதன் பின்விளைவு தெரியும். ஹோப் பெரியதாக இருந்தால் உங்கள் கையில் ஒரு ஹோப் சேரும். ஃபியர் பெரியதாக இருந்தால் கேம் மாஸ்டர் கையில் ஒரு ஃபியர் சேரும், அதைப் பிறகு உங்கள் மேல் செலவழிப்பார். இரண்டும் ஒரே எண் காட்டினால் கிரிட்டிக்கல், அதாவது பெரிய வெற்றி. கணக்குப் போட்டால் 144 சேர்க்கைகளில் 66 ஹோப், 66 ஃபியர், 12 கிரிட்டிக்கல்.

இந்த ஆட்டத்தில் பகடை உருண்டு நின்றதும் முகங்களைப் பாருங்கள். ஒரு பிள்ளை தொங்குபாலத்தில் ஓடுகிறாள். ஹோப் 5, ஃபியர் 11. கூட்டினால் 16, தேவை 14. தாண்டிவிட்டாள். ஆனால் கேம் மாஸ்டர் பேசாமல் ஒரு ஃபியர் காயை எடுத்துத் தன் பக்கம் வைக்கிறார். "பாலத்தைத் தாண்டிட்ட. ஆனா பின்னால கயிறு அறுந்து விழுது. உன் கூட்டாளிங்க அந்தப் பக்கம்." ஜெயித்தவளே மற்றவர்களைத் திரும்பிப் பார்க்கிறாள். நடந்தது, நடக்கவில்லை என்ற இரண்டே பதில் உள்ள ஆட்டத்தில் இந்தத் திருப்பத்தைக் கேம் மாஸ்டர் தானே யோசித்துக் கொண்டுவர வேண்டும். இங்கே பகடையே கொடுத்துவிடுகிறது.

சண்டையில் யார் முதலில், யார் அடுத்து என்ற வரிசை முறை இல்லை என்பதும் புதிது. கூச்சப்படும் பிள்ளைகள் பேசாமலே இருந்துவிடுவார்கள் என்பது அதன் குறை. கேம் மாஸ்டர் பெயர் சொல்லிக் கேட்டு இழுத்துவிட வேண்டும்.

ஷேடோடார்க்ல நிஜமாவே மணி பார்ப்பாங்களா?

ஆமாம். கெல்சி டியோன் எழுதி 2023-ல் வந்த ஆட்டம். தீப்பந்தம் ஒரு மணி நேரம் எரியும்; அது கதைக்குள் ஓடும் மணி நேரம் இல்லை, உங்கள் வீட்டுக் கடிகாரத்தின் மணி நேரம். போனில் டைமர் வைத்துவிட்டு ஆட்டம் தொடங்கும். ஆட்டக்காரர்களின் பாத்திரம் எதற்கும் இருட்டில் கண் தெரியாது. பந்தம் அணைந்தால் நிஜமாகவே ஆபத்து.

இந்த ஒரே விதி மேசையை மாற்றிவிடும். சாயா குடித்தபடி சினிமா பேசிக்கொண்டிருந்தவர்கள் 40 நிமிடம் கடந்ததும் தாங்களாகவே வேகம் பிடிப்பார்கள். "பேச்சை விடு மக்கா, பந்தம் தீரப்போவுது" என்று ஒருவரை ஒருவர் விரட்டுவார்கள். கேம் மாஸ்டர் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதில்லை. மேலே சொன்னேனே, மனிதர்களை வேறு மாதிரி நடக்க வைக்கும் விதி என்று, அதற்கு இதைவிடச் சுத்தமான உதாரணம் என்னிடம் இல்லை.

டிரா ஸ்டீல், டிராகன்பேன், இதெல்லாம்?

டிரா ஸ்டீல் 2025-ல் எம்.சி.டி.எம். வெளியிட்டது. சண்டையில் அடி தவறுவதே கிடையாது. இரண்டு 10 பக்கப் பகடைகளை உருட்டி உங்கள் திறனைக் கூட்ட வேண்டும்: 11 வரை சின்ன அடி, 12 முதல் 16 வரை நடுத்தர அடி, 17-ம் அதற்கு மேலும் பெரிய அடி. திறன் +2 என்றால் சின்ன அடிக்கு 36 சதவீதம், நடுத்தரத்துக்கு 43, பெரியதற்கு 21. கால் மணி நேரம் காத்திருந்து உருட்டிவிட்டு "தவறிப்போச்சு" என்று சும்மா உட்காரும் வேதனை இதில் இல்லை. சண்டை பிடிக்காதவர்கள் இந்தப் பக்கம் வர வேண்டாம்.

டிராகன்பேன் 2023-ல் ஃப்ரீ லீக் ஆங்கிலத்தில் கொண்டுவந்த பெட்டி. 20 பக்கப் பகடையில் உங்கள் திறன் எண்ணுக்குச் சமமாகவோ கீழோ விழ வேண்டும். 1 விழுந்தால் டிராகன், அதாவது பெரிய வெற்றி; 20 விழுந்தால் டீமன், பெரிய சறுக்கல். மிருகங்களின் தாக்குதல் குறி தவறாது. ஒரு 6 பக்கப் பகடை உருட்டி அது என்ன செய்கிறது என்று பட்டியலில் பார்ப்பார்கள். எதிரில் நிற்பது என்ன செய்யும் என்று யாருக்கும் தெரியாததால் சின்ன மிருகத்துக்கும் மரியாதை கிடைக்கும். பகடை, அட்டைகள், வரைபடம், 11 சாகசங்கள் (ஆடத் தயாரான கதைகள்) எல்லாம் ஒரே பெட்டிக்குள் இருக்கின்றன. முதல் பெட்டி எது வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் இதையே சொல்கிறேன். வாத்து மனிதனாகவும் ஆடலாம். பிள்ளைகள் நேரே அதைத்தான் எடுப்பார்கள்.

என்கிட்ட 2014-ல வந்த டி அண்ட் டி புக் இருக்கு. புதுசு வந்ததால அது வேஸ்ட்டா?

இல்லை. பிளேயர்ஸ் ஹேண்ட்புக் 2024 செப்டம்பரிலும், டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடு அதே வருடம் நவம்பரிலும், மான்ஸ்டர் மேனுவல் 2025 பிப்ரவரியிலும் திருத்தி வந்தன. அடித்தளம் உங்களிடம் இருக்கும் அதே ஐந்தாம் பதிப்புதான். பழைய சாகசப் புத்தகங்களைப் புதிய விதிகளோடு ஆடலாம். வாள், கோடரி, ஈட்டி ஒவ்வொன்றுக்கும் ஒரு தந்திரம் வந்திருப்பது வீரர்களுக்கு நல்ல செய்தி. ஒரே மேசையில் பாதிப் பேர் பழையது, பாதிப் பேர் புதியது என்று கலக்காமல், எதையாவது ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள்.

காசு செலவழிக்காம ஆரம்பிக்க முடியுமா?

தாராளமாக. யோசாய் கல் எழுதிய கெய்ர்ன் என்ற ஆட்டம் முழுவதும் இலவசம். இரண்டாம் பதிப்பு 2024-ல் வந்தது. வலிமை, லாவகம், மனஉறுதி என்று மூன்றே குணங்கள், சாமான் வைக்க 10 இடங்கள். அடித்தால் பட்டுவிடும், சேதத்துக்கு மட்டும் பகடை. அரை மணி நேரத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம். பேசிக் ஃபேன்டஸியும் முழுக்க இலவசம். ஷேடோடார்க், டிராகன்பேன் இரண்டுக்கும் இலவச குவிக்ஸ்டார்ட் (ஆடிப் பார்க்கச் சுருக்கிய விதிகள்) இருக்கிறது. டேகர்ஹார்ட்டின் அடிப்படை விதித் தொகுப்பை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். பாத்ஃபைண்டரின் விதிகள் ஆர்க்கைவ்ஸ் ஆஃப் நெதிஸ் தளத்தில் அனுமதியோடு முழுமையாக இருக்கின்றன.

எந்தப் புத்தகமானாலும் முதலில் குவிக்ஸ்டார்ட்டை ஒரு மாலை ஆடிப் பாருங்கள், பிறகு வாங்குங்கள். வெளிவந்தபோது அமெரிக்காவில் டேகர்ஹார்ட்டின் விலை 59.99 டாலர், 2024 பிளேயர்ஸ் ஹேண்ட்புக் 49.99. அனுப்பும் செலவும் சேர்ந்தால் இங்கே எவ்வளவு ஆகும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். படிக்காத புத்தகம் அலமாரியில் நிற்பதைவிட ஆடிய 20 பக்கத் தாள் மேல்.

பகடைக்கு எங்க போவேன்? நம்ம ஊர் கடையில ஆறு பக்கந்தான் இருக்கு.

4, 6, 8, 10, 12, 20 பக்கங்களும், சதவீதத்துக்கு இன்னொரு 10 பக்கமும் சேர்ந்து ஏழு பகடைகள் ஒரு செட். ஆன்லைனில் எளிதாகக் கிடைக்கும். அது வரும்வரை போனில் டைஸ் ஆப் போதும். மின்சாரம் போய் சார்ஜும் தீர்ந்துவிட்டால், 1 முதல் 20 வரை எழுதிய சீட்டைக் குலுக்கி எடுத்து, எடுத்ததை மறுபடி உள்ளே போட்டுவிட வேண்டும். கணக்கு மாறாது.

புக்கு வாங்கி வச்சா மழைக்காலத்துல பூசணம் பிடிக்குதே அண்ணா?

நமக்கு ஆடியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. வெளிச்சுவரை ஒட்டிய அலமாரி வேண்டாம். புத்தகங்களை நெருக்கி அடுக்காதீர்கள், வாரம் ஒருமுறை கதவைத் திறந்து மின்விசிறி போடுங்கள், சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று வையுங்கள். நேர்வெயிலில் காய வைத்தால் அட்டை வளைந்துவிடும்.

கிக்ஸ்டார்ட்டர்ல பணம் போடலாமா? பயமா இருக்கு.

அங்கே நீங்கள் பொருள் வாங்கவில்லை. அது உருவாகப் பணம் கொடுக்கிறீர்கள். டிரா ஸ்டீலுக்கு 2023 டிசம்பரில் இதேபோன்ற பேக்கர்கிட் தளத்தில் பணம் திரட்டினார்கள், முடிந்த பி.டி.எஃப். 2025-ல்தான் வந்தது. அவர்கள் வேலையின் போக்கைத் தொடர்ந்து சொல்லிவந்தார்கள், அதனால் காத்திருப்பது கஷ்டமாக இல்லை. பணம் போடுவதற்கு முன்னால் மூன்று விஷயம் பாருங்கள்: அவர்கள் இதற்கு முன் ஏதாவது முடித்துக் கொடுத்திருக்கிறார்களா, ஆடிப் பார்க்க மாதிரி விதிகள் உண்டா, இந்தியாவுக்கு அனுப்பும் செலவு எப்போது வசூலிக்கப்படும். சுங்கவரி தனியாக வரலாம். என்னைக் கேட்டால், புதியவர்கள் பி.டி.எஃப். அளவுக்கு மட்டும் போடட்டும்.

எனக்கு இங்கிலீஷ் அவ்வளவு வராது. வந்தா கேலி பண்ணுவாங்களா?

யாரும் கேலி பண்ணமாட்டார்கள். புத்தகத்தைப் படிக்க வேண்டியது கேம் மாஸ்டர் மட்டுமே. மேசையில் நாங்கள் பேசுவது நாகர்கோவில் தமிழ். "நான் அவன் பின்னால பதுங்கிப் போயி சாவியை உருவிருவேன்" என்று சொன்னால் எந்த விதி என்று கேம் மாஸ்டர் பார்த்துக்கொள்வார். பாத்திரத் தாளைத் தமிழில் எழுதிக்கொள்ளுங்கள். விதியை முழுக்கப் படித்தவர்களைவிட, "நான் என்ன செய்வேன்" என்று மட்டும் யோசித்து வருகிறவர்கள் பெரும்பாலும் நன்றாக ஆடுகிறார்கள்.

எங்க கூட்டத்துல பாதிப் பேர் கல்ஃப்ல, மிச்சம் பெங்களூர்ல. நான் மட்டும் குலசேகரத்துல இருக்கேன்.

வீடியோ காலில் ஆடுங்கள். வரைபடம் வேண்டுமானால் ரோல்20 தளத்தில் இலவசக் கணக்கு போதும். துபாய் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால். நமக்கு ராத்திரி ஒன்பதரை என்றால் அவர்களுக்கு எட்டு. டேகர்ஹார்ட்டில் வரிசை இல்லாததால் வீடியோ காலில் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசிவிடுவார்கள். வரிசை உள்ள ஆட்டமே தூரத்துக்கு நல்லது.

தனியாக ஆட ஐயர்ன்ஸ்வோர்ன் இருக்கிறது. ஷான் டாம்கின் 2018-ல் வெளியிட்டது, பி.டி.எஃப். இலவசம். கேம் மாஸ்டர் இல்லாமலே, சபதம் எடுத்துக்கொண்டு பகடையிடம் கேள்வி கேட்டுக் கதையை நகர்த்தலாம். ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே ஆடுங்கள். மாதக் கடைசியில் படிக்க ஒரு கதையே இருக்கும்.

தம்பி, இது பிசாசு விளையாட்டுன்னு சபையில சொல்றாங்க. பிள்ளைய அனுப்பலாமா?

அக்கறையோடு கேட்கப்படும் கேள்வி, அதனால் முழுதாகச் சொல்கிறேன். இந்தப் பயம் 1980-களின் அமெரிக்காவிலிருந்து வந்தது. தன் மகனின் மரணத்துக்கு டி அண்ட் டிதான் காரணம் என்று நம்பிய பட்ரீசியா புல்லிங் என்ற தாய் 1983-ல் அதற்கு எதிராக ஓர் அமைப்பு தொடங்கினார். எதிர்ப்பு பெருகியதால் 1989-ல் வந்த இரண்டாம் பதிப்பில் பேய், பிசாசு என்ற சொற்களையே எடுத்துவிட்டு வேறு பெயர் வைத்தார்கள். ஆட்டத்தில் வழிபாடோ நிஜ மந்திரமோ கிடையாது. "தீப்பந்து எறிகிறேன்" என்று சொல்லிப் பகடை உருட்டுவதுதான் மந்திரம்.

ஆனாலும் ஒரு வீட்டுக்கு உறுத்தலாக இருப்பதை வற்புறுத்தக் கூடாது. தொடங்குவதற்கு முன்னால் செஷன் ஸீரோ என்று ஒரு நாள் உட்கார்ந்து, என்ன வரலாம், என்ன வரக்கூடாது என்று பேசி எழுதிவைப்போம். பேய் வேண்டாம் என்று ஒரு பிள்ளை சொன்னால் அந்தக் கதையில் பேய் வராது. ஜான் ஸ்டாவ்ரோபௌலஸ் உருவாக்கிய எக்ஸ் கார்டு என்ற அட்டையும் மேசை நடுவில் இருக்கும். யார் தொட்டாலும், காரணம் கேட்காமல் அந்தக் காட்சியை விட்டுவிடுவோம். பெற்றோர் எந்த நாளும் வந்து பக்கத்தில் உட்காரலாம்.

நம்ம மாவட்டத்தையே அந்த உலகமா வச்சு ஆடலாமா?

ஆடத்தான் வேண்டும். காற்று அறையும் ஆரல்வாய்மொழிக் கணவாய் வடக்கிலிருந்து வரும் படைக்கு வாசல். தக்கலைப் பக்கம் உதயகிரிக் கோட்டை: 1741-ல் குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்றுப் பிடிபட்ட டச்சுத் தளபதி டி லனாய், பிறகு அதே அரசரின் படைக்குப் பயிற்சி கொடுத்து, கடைசியில் புதைக்கப்பட்டது அந்தக் கோட்டைக்குள். எதிரி தளபதி நம் ஆளாக மாறிய கதையை எந்தச் சாகசப் புத்தகமும் ஆசையோடு எடுத்துக்கொள்ளும். சிதறால் மலையில் பாறையில் செதுக்கிய சமணச் சிற்பங்கள், மருந்துவாழ்மலையின் மூலிகைகள், முட்டத்துப் பாறைகள். மாத்தூர் தொட்டிப் பாலம் 1966-ல் கட்டியதுதான், ஆனால் பறளியாற்றின் மேல் 115 அடி உயரத்தில் போகும் அந்த ஒடுக்கமான பாதையை, மறைந்துபோன நாகரிகத்தின் வேலை என்று உங்கள் உலகத்தில் வைத்துப் பாருங்கள். கீழே குனிந்து பார்த்தவர்களுக்குக் கதை தானே வரும்.

பெரிய பதிப்பாளர்களும் இந்தப் பக்கம் திரும்பியிருக்கிறார்கள். டி அண்ட் டி 2022-ல் வெளியிட்ட ஒரு சாகசத் தொகுப்பில், கொல்கத்தாவைச் சேர்ந்த மிமி மண்டல் வங்காள நதிநிலத்தை வைத்து ஒரு சாகசம் எழுதினார். குமரியை வைத்து எழுத நாம்தான் இருக்கிறோம்.

அப்போ சுடலைமாடனையும் இசக்கியையும் மான்ஸ்டரா போட்டா கெத்தா இருக்குமே?

வேண்டாம். பக்கத்துத் தெருவில் கொடை நடக்கும் சாமிக்கு உயிர்ப்புள்ளி போட்டு, அதை வாளால் குறைக்கிற ஆட்டம் என் மேசையில் நடக்காது. அந்தச் சாமியைக் கும்பிடுகிறவர் அதே மேசையில் உட்கார்ந்திருப்பார். உங்கள் உலகத்துக்கு நீங்களே காவல் தெய்வங்களை உண்டாக்குங்கள்: எல்லைக்கல்லில் குடியிருப்பது, வாக்குத் தவறினால் மட்டும் கோபப்படுவது, படையலுக்குப் பதில் ஓர் உண்மையைக் கேட்பது. அடித்து வீழ்த்த முடியாததாக, பேசித்தான் தீர்க்க வேண்டியதாக வையுங்கள். அப்போது சண்டைக்காரர்களும் பேசக் கற்றுக்கொள்வார்கள்.

நானே எழுதி விக்கலாமா? கேஸ் போடுவாங்களா?

மேலே சொன்ன 2023 சர்ச்சையால் ஒரு நன்மை விளைந்தது. டி அண்ட் டி ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித் தொகுப்பு கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியானது. திருத்திய விதிகளின் தொகுப்பும் 2025-ல் அப்படியே வந்தது. அதில் உள்ளதைத் தமிழில் எழுதலாம், மாற்றலாம், விற்கலாம். எங்கிருந்து எடுத்தது என்று அவர்கள் கேட்டபடி குறிப்பிட வேண்டும். ஆனால் தொகுப்பில் விவரம் இல்லாத மிருகங்களை, உதாரணத்துக்கு மைண்ட் ஃப்ளேயரை, எடுக்கக் கூடாது. அவர்கள் சின்னத்தை அட்டையில் போடக் கூடாது. கெய்ர்னைத் தழுவினால் உங்கள் ஆட்டத்தையும் அதே உரிமத்தில் திறந்து வைக்க வேண்டும். டேகர்ஹார்ட், டிரா ஸ்டீல் இரண்டுக்கும் சொந்த உரிமங்கள் இருக்கின்றன. எழுதுவதற்கு முன் வாசியுங்கள்.

அப்புறம், விற்பதற்கு முன்னால் தாளை வேறொருவர் கையில் கொடுத்துக் கேம் மாஸ்டராக உட்கார வையுங்கள். நீங்கள் பக்கத்தில் வாய் திறக்காமல் இருங்கள். அவர் எந்த இடத்தில் நிமிர்ந்து உங்கள் முகத்தைப் பார்க்கிறாரோ, அந்த இடத்தைத் தாளில் கோடிட்டு வைத்து, வீட்டுக்குப் போய் மறுபடி எழுதுங்கள்.